என் சாவுக்கு வந்த பட்டுச் சேலை

நான் செத்துப்போய்விட்டேன் என்று ஆள் வந்து சொன்ன காலையில், என் அம்மா அதை நம்பினாளா, நம்பவில்லையா?

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நேராகக் கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன். பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிடும்போது, முகம் பார்க்காமல் பேசினால் உண்மை தானாக வந்துவிடும் என்று நினைத்து அப்போதும் கேட்டேன். "பொழுது போவலன்னா புளியில கொட்டை எடுடி" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்கிறாள். நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு பட்டுச் சேலை கிடக்கிறது. அம்மா அன்று நம்பியிருந்தால் அந்தச் சேலை ஒன்று. நம்பாமல் இருந்திருந்தால் அது முற்றிலும் வேறொன்று. நான் அதை உடுத்தலாமா கூடாதா என்பது அம்மாவின் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது நெட்டப்பாக்கம் பக்கம். வாழ்க்கைப்பட்டது பாகூர் ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும் வைக்கும் குடும்பத்தில். என் வீட்டுக்காரர் பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் கச்சேரியில், குமாஸ்தா. ஊரில் பிறப்பவர்களையும் இறப்பவர்களையும் பிரெஞ்சில் எழுதி வைப்பது அவர் வேலை. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். காக்கை குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்கிற பறவை என்று எனக்குப் பாடமே இருந்தது. படித்து என்ன பயன்? படிக்காதவள் பேய்க்கு மட்டும் பயந்தால் போதும். நான் பேய்க்கும் பயந்து, காய்ச்சாத தண்ணீருக்கும் பயந்து, ஈ உட்கார்ந்த பழத்துக்கும் பயந்தேன்.

மகள் பிறந்த பிறகு அது இன்னும் முற்றியது. என்னோடு படித்த ஒருத்தி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மகளுக்கு யார் சோறு ஊட்டுவார்கள்? என்னைத் தவிர யார் கையாலும் அவள் ஒரு வாய் வாங்கமாட்டாள். என் மாமியார் ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அவள் அப்பா ஊட்டப் போனால் துப்பிவிடுவாள். அதில் எனக்குக் கவலை உண்டு. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்து வெயில் இன்னும் ஏறவில்லை. கொல்லையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய வழக்கப்படி, "அதோ காக்கா பாரு, காக்காவுக்குக் குடுத்துடுவேன், ஆ காட்டு" என்று ஊட்டிக்கொண்டிருந்தேன். முருங்கை மரத்தில் இரண்டு காக்கைகள் இருந்தன. முதலில் சண்டை என்று நினைத்தேன். இன்னும் ஒரு கணம் பார்த்தபோது சண்டை இல்லை என்று தெரிந்தது. ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மகளின் முகத்தை என் தோளுக்குத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா, சோறு அப்படியே கீது?"

"ஒண்ணுமில்ல அத்தை. காக்கா..."

"தலையில தட்டிட்டுதா?"

"இல்ல. ரெண்டு காக்கா சண்டை போட்டுகினு இருந்துது."

அத்தை கீரையைக் கீழே வைத்தார். "சண்டைன்னா? எதிரெதிர்ல நின்னா?"

"இல்ல."

"பின்ன எப்படி நின்னுது?"

நான் சுவரைப் பார்த்தேன். "ஒண்ணு மேல ஒண்ணு."

"அடிப்பாவி, அது சண்டை இல்லடி, சம்சாரம்!" என்று அத்தை மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்கிறேன். காக்கைகள் கூடுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு ஆயுசு கெட்டி இல்லை என்பார்கள். அதற்குப் பரிகாரம் ஒன்றுதான். பார்த்தவர் செத்துவிட்டதாக அவருடைய ரத்த சம்பந்தத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பி, வாய்விட்டு அழ வேண்டும். அந்த அழுகையோடு, வரவிருந்த சாவு வந்து போனதாக ஆகிவிடும். சற்று நேரம் கழித்து இரண்டாவது ஆள் போய், "பொய்ச் சேதி, காக்கா தோஷம்" என்று சொல்லி, வசவு வாங்கிக்கொண்டு திரும்புவான். இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே திடீர்ச் சாவு என்று யார் வந்து சொன்னாலும், கேட்பவர் மனத்தில் ஒரு மூலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிடும்.

"அத்தை, குழந்தையும் பாத்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா புரியும்? புரியாதவங்களுக்குத் தோஷம் இல்ல."

"அப்ப எனக்கும் புரியலன்னு வச்சிக்கலாமே."

"புரிஞ்சிதான அது மூஞ்சத் திருப்பின? வாய மூடு."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பொய்ச் சாவுக்கு பிரெஞ்சு சட்டத்துல எடமே இல்லம்மா. நான் எழுதாம இந்தக் கொம்யூன்ல ஒருத்தரும் சாவ முடியாது."

"நீ மையத் தொட்டு எழுதறதுக்குள்ள அவ பூட்டா இன்னாடா பண்ணுவ?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். படித்தவள், அவர் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் நிற்கத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தபோது, "எதுக்கும் சொல்லி அனுப்பிடலாங்க" என்று வந்தது. என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அந்த "எதுக்கும்"தான்.

சாவு சொல்வதற்கென்றே ஊரில் ஆள் உண்டு. அவரை அனுப்பினால் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய்விடுவார், அப்புறம் அடக்க முடியாது என்று எங்கள் பண்ணையாளை அனுப்பினோம். நல்ல மனுஷர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சிரிக்கக் கூடாது. அவங்க வூட்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாது. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்" என்று அத்தை மூன்று தரம் சொல்லி அனுப்பினார். பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பொய் என்று சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர்.

ஆள் போன பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்தேன். அத்தை பிடுங்கிக்கொண்டார்.

"செத்தவ வாசல் பெருக்குவாளா?"

"அப்ப உலையாவது வைக்கட்டுமா?"

"செத்தவ சோறாக்கினா யாரு தின்றது? போய்க் குந்து."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, காலை வேளையில் கையில் வேலை இல்லாமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில் சுவர்மேல் போய்ப் போய் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போவதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தவறு எங்கே நடந்தது என்றால், என் வீட்டுக்காரரின் தாடையில். அவர் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்துவிட்டார். "சாவு சொல்லப் போறவன் சவரம் பண்ணக் கூடாது. சாவு பொய்னு சொல்லப் போறவன் பண்ணிக்கலாம்ல? மாமியார் வூட்டுக்குப் போறேன்" என்றார். பிறகு பழைய சோறு சாப்பிட்டார். பிறகு வண்டிப் பாட்டை வழியாகப் போனால் நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை, அங்கே சுங்கச் சாவடியில் நிறுத்திக் கிளறுவார்கள் என்று ஏரிக்கரைமேல் ஏறிக் குறுக்குவழியில் போனார். அவர் கரைமேல் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பாட்டையில் என் அம்மாவின் வண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. கரும்பாலைக்குப் போகப் பூட்டி நின்ற வண்டியாம். சேதி வந்ததும் அப்படியே ஏறிக் கிளம்பிவிட்டார்களாம்.

தெருமுனையில் அழுகைக் குரல் கேட்டது. அம்மாவின் குரல் என்று ஒரு இழுப்பிலேயே தெரிந்தது.

"ஐயோ, பொறப்பட்டே வந்துட்டாங்கடி!" என்று அத்தை என்னைப் பிடித்து இழுத்தார். "இந்த வேகத்துல உன்ன எதிர்ல பாத்தா, பேய்னு நெனச்சி உங்கம்மா அங்கியே உழுந்துடும். நீ உள்ள இரு. நான் பதமா சொல்லிட்டுக் கூப்புடறேன்." நெல் குதிர் இருக்கும் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனார். மகள் கூடத்திலேயே இருந்தாள்.

அத்தைக்குச் சொல்ல வாய்ப்பே வரவில்லை. அம்மா உள்ளே வந்ததும் வராததுமாக அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். காலையில்தானே என்னைக் குளத்தில் பார்த்தோம் என்று அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அழுகிற வீட்டில் சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று அவர்களும் வட்டமாக உட்கார்ந்து தலைவிரித்துவிட்டார்கள். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒப்பாரி எடுத்தாள்:

"பட்டு ஒண்ணு கேட்டியேடி என் கண்ணே,
பாப்போம் பாப்போம்னு பாழாக்கிட்டனே!"

ஒப்பாரிக்கு எதிர்ப்பாட்டு சொல்லாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பகையாளி செய்கிற காரியம். நான் உயிரோடு இருப்பது தெரிந்த அத்தை, உண்மையைச் சொல்வாரா பாட்டுக்குப் பதில் சொல்வாரா என்று பார்த்தேன். பழக்கம் ஜெயித்தது.

"கேட்டதில்ல ஒரு நாளும் என் மருமவளே,
கேக்கத் தெரியாம வளத்துட்டாளே உன் தாயி!"

அம்மாவின் அழுகை ஒரு கணம் நின்றது. மூக்கைச் சிந்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது குரல் ஏறியிருந்தது.

"ஏரிக்கரை பாக்கணும்னு எத்தினி நாள் ஏங்கினியே,
எரியுற அடுப்ப வுட்டு எழுந்துக்க வுட்டாங்களா?"

அத்தையும் விடவில்லை.

"உப்பில்லாத கொழம்பு வச்ச என் தங்கமே,
ஒரு சொல்லு சொன்னனா, ஊத்தித்தான் தின்னனே!"

எனக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உப்பில்லாமல் குழம்பு வைத்தது ஒரே ஒரு நாள். அன்று குழந்தைக்குக் காய்ச்சல். இதைப் போய் ஒப்பாரியில் வைக்கிறார்களே!

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி தன் பங்குக்கு, "அதிர்ந்து சிரிச்சதில்லையே" என்றாள். இன்னொருத்தி, "ஆசையா ஒரு பண்டம் எடுத்துத் தின்னதில்லையே" என்றாள். "தெருத் தாண்டிப் போனதில்லையே" என்று ஒருத்தி. "மூஞ்சி சுளிச்சதில்லையே" என்று ஒருத்தி. எல்லாம் பெருமையாகத்தான் சொன்னார்கள். நான் குதிருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் செய்ததாக இவர்கள் ஒன்றாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பள்ளியில் கணக்கில் முதலாக வந்தேன் என்று அம்மாவாவது சொல்லக்கூடாதா? தண்ணீரைக் காய்ச்சியே கொடுத்தேன் என்று அத்தையாவது சொல்லக்கூடாதா? வந்ததெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. செய்யாததை எல்லாம் அடுக்கினால் அது நான். நெல் தூசியில் நின்றுகொண்டு முதல் தடவையாக எனக்கு என்மேலேயே துக்கம் வந்தது. நானும் ஒரு மூலையில் எனக்காகக் கொஞ்சம் அழுதேன். ரத்த சம்பந்தம்தானே, அதுவும் கணக்கில் சேரும் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது.

அதற்குள் ஒரு கிழவி மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேச ஆரம்பித்துவிட்டாள். "அழுது இன்னா ஆவப் போவுது? கைக்குழந்தை கீது. தங்கச்சி ஒண்ணு வளந்து நிக்குது. வெளியிலருந்து ஒருத்தி வந்தா பாப்பாளா? சித்தின்னா பாத்துக்குவா." அம்மாவோடு வந்திருந்த என் தங்கை, பாவம், அக்கா அக்கா என்று விக்கி அழுதுகொண்டிருந்தவள், இதைக் கேட்டு அழுகையை நிறுத்தி வாயைப் பிளந்தாள். இன்னும் என் உடலையே யாரும் கண்ணால் பார்க்கவில்லை!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அதற்கு அடுத்தது. அழுகைச் சத்தத்துக்கு மிரண்டு சிணுங்கிய என் மகளைத் தங்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாடத்தில் இருந்த வாழைப்பழம் ஒன்றை உரித்து நீட்டினாள். யார் கையாலும் ஒரு வாய் வாங்காத என் மகள், உதட்டை இறுக்கிக்கொள்ளும் என் மகள், வாயை அகலத் திறந்தாள். ஒரு கடி. இன்னொரு கடி. சிரிப்பு வேறு.

எந்தப் பயத்தால் நான் செத்துப்போக ஒப்புக்கொண்டேனோ, அந்தப் பயம் ஒரு வாழைப்பழத்தில் முடிந்துபோயிற்று. நான் இல்லாவிட்டாலும் அவள் தின்பாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் பட்டது சந்தோஷமா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அதற்குள் மூன்றாவது கடி. பெரிய கடி.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பழத்தச் சின்னதாப் பிச்சிக் குடுடி, தொண்டையில மாட்டிக்கும்!"

தலையெல்லாம் உமி, முகமெல்லாம் தூசி, அழுத கண். ஆக வேண்டியதைப் பேசிய கிழவி "ஐயோ" என்று கொல்லைப்புறம் ஓடினாள், அவள் ஓடி அன்றுதான் பார்த்தேன். கால்வலி என்று கோயிலுக்குக்கூட வராதவள். தங்கை பழத்தைக் கீழே போட்டாள். மகள் பழத்துக்காக அழுதாள். அத்தை, "சொல்லத்தான் இருந்தேன் சம்பந்தியம்மா, சத்தியமா சொல்லத்தான் இருந்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா மயங்கி விழவில்லை. பேய் என்று அலறவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி இப்படி எளச்சிப் போயிட்ட?" என்றாள்.

அப்போதுதான் நடுக்கூடத்தில் பலகைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும், அதைத்தான் கடைசியாகப் போர்த்துவார்கள். கோடி என்போம். நூல் சேலைதான் வழக்கம். பொட்டலத்தில் இருந்தது பட்டு. பச்சைப் பட்டு, அரக்குக் கரை. கல்யாணத்துக்கு நான் கேட்டது. தலைப்பொங்கல் வரட்டும் என்றாள் அம்மா. அப்புறம் குழந்தை பிறக்கட்டும் என்றாள். அப்புறம் கரும்பு வெட்டட்டும் என்றாள். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் சம்பந்தியம்மா, பொணத்துக்கு எவளாவது பட்டு எடுப்பாளா? உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சிதான் என்ன இந்த அழுகை அழ வச்சீங்க."

"எம் பொண்ணுக்குக் கடைசியா எடுக்கற சேலை. பட்டா எடுத்தா உங்களுக்கு இன்னா நோவுது?"

"அப்ப கோடிதான? எடுத்துகினு போயிடுங்க. உசுரோட கீறவ வூட்ல கோடி இருக்கக் கூடாது."

"பொண்ணு வூட்டுக்குக் கொண்டாந்தத எவளாவது திருப்பி எடுத்துகினு போவாளா?"

"அப்ப சீருன்னு சொல்லுங்க."

அம்மா கோடி என்றும் சொல்லவில்லை, சீர் என்றும் சொல்லவில்லை. மோர் கேட்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வந்தார். சவரம் செய்த முகம் கறுத்திருந்தது. அவர் போனபோது என் பிறந்த வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அண்டை வீட்டாரிடம், "ஒண்ணும் இல்ல, என் சம்சாரம் நல்லா இருக்கா, பொய்ச் சேதி" என்று சிரித்துச் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவரைப் பிடித்து உட்காரவைத்து, தலையில் எண்ணெய் தேய்த்து, சுற்றி உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். சைக்கிளைத் தரமாட்டோம் என்று ஒளித்து வைத்துவிட்டார்களாம்.

பிறகு தங்கையைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். அவள் சொன்னதைக் கேட்டால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. பண்ணையாள் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, தலையைக் குனிந்து, "உங்க பொண்ணு பூட்டுதும்மா" என்று சரியாகத்தான் சொன்னாராம். சொல்லிவிட்டுக் கூழ் இருக்கிறதா என்று கேட்டாராம். அம்மா அழுதுகொண்டே ஊற்றிக் கொடுத்தாளாம்.

"அழுதுச்சாடி? நெஜ அழுகையா?"

"நெஜமாத்தான்கா. மார்ல அடிச்சிகினு அழுதுச்சு. ஆனா..."

"ஆனா இன்னா?"

"வழியில ஜவுளிக் கடைக்காரர வூட்லருந்து கூட்டியாந்து கடையத் தொறக்கச் சொல்லி உள்ள போச்சு. கண்ணத் தொடச்சிகினே, 'பச்சையில அரக்குக் கரை கீதா'ன்னு கேட்டுச்சு. சின்னக் கரைய எடுத்துப் போட்டாரு, வாணாம்னு பெரிய கரையா எடுக்க வச்சிது. சாவடியில பொட்டலத்தப் பிரின்னதுக்கு, 'எம் பொண்ணுக்கு எடுத்த சேலைடா, கை வைக்காத'ன்னு கத்துச்சு பாரு, அவன் வண்டிய வுட்டுட்டான்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவு செய்வது? சாவுக்குப் போகிறவள் கரை பார்த்துப் பொறுக்குவாளா? பொய் என்று தெரிந்தவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாளா? சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். புதுத் துணி நல்லதுக்கு என்றால் முந்தானை மூலையில் மஞ்சள் தடவுவோம், கோடிக்குத் தடவமாட்டோம். மூலையில் மஞ்சள் இருந்தது. துள்ளிக் குதித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் நடுவிலும் ஒரு இடத்தில் இருந்தது. அம்மா அன்று காலை மஞ்சள் தேய்த்துக் குளித்தவள். கை பட்ட இடமெல்லாம் மஞ்சள்தான்.

சேலை பெட்டிக்குள் போயிற்று. என்னால் மட்டும் பழையபடி பெட்டிக்குள் போக முடியவில்லை. மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டு, "அத்தை, ஏரிக்கரைக்குப் போய்ட்டு வரேன்" என்றேன்.

"இன்னா திடீர்னு?"

"நேத்து ஒப்பாரியில வந்துச்சே. அடுத்த தடவை அம்மா அதச் சொல்ல எடம் வைக்கக் கூடாது, உங்களுக்குத்தான் அவமானம்."

அத்தை யோசித்தார். போகச் சொன்னார். ஏரி நிரம்பி, கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மகளைத் தண்ணீரில் கால் நனைக்கவிட்டேன். ஓரமாகத்தான், பாவாடையை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் கத்திச் சிரித்தாள். நானும் அதிர்ந்துதான் சிரித்தேன். மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு கள்ளச் சாவியாக ஆகிவிட்டது. பலகாரத்தில் முதல் ஈடு எனக்கு வேண்டும் என்றாலும், பிடிக்காததற்கு முகம் சுளித்தாலும், "ஒப்பாரியில வந்துச்சே அத்தை" என்பேன். "செத்துப் பொழச்சவளுக்கு வாய் நீளம்டா" என்று அத்தை மகனிடம் முறையிடுவார். குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஊட்டலாம் என்று விட்டுவிட்டேன். பழத்தைச் சின்னதாகப் பிய்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரை இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்ச் சேதியாகிவிடும். முன்பெல்லாம் நான் செத்தால் குழந்தை என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாவதற்குள் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்ததே இல்லை. இப்போது இரண்டையும் நினைக்கிறேன். இது நல்லதா, தாய்க்கு ஆகாத சுயநலமா என்பதிலும் எனக்கு நிச்சயம் இல்லை.

இப்போது வந்திருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். வரும் தையில் மகளுக்குக் காது குத்து. பிறந்த வீட்டார் எல்லோரும் வருவார்கள். எனக்கு வயிற்றில் அடுத்தது. அந்தப் பச்சைச் சேலையை அன்று கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பிரசவம் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். என்னோடு படித்தவளை நான் மறக்கவில்லை. ஒருவேளை எனக்கும் அப்படி ஏதாவது என்றால், இதே சேலையை எடுத்து என்மேல் போடுவார்கள், நான் ஒரு தடவைகூட அதன் மடிப்பை என் கையால் வைத்திருக்கமாட்டேன். அந்த நினைப்பே எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் அது கோடிதான் என்றால், வயிற்றுப் பிள்ளைக்காரி அதைச் சுற்றிக்கொண்டு மணையில் உட்காரலாமா? எனக்கு என்றால் பரவாயில்லை. உள்ளே இருப்பதற்கு ஏதாவது வந்தால்?

"புள்ளதாச்சி அதத் தொடவே கூடாது" என்கிறார் அத்தை. "சாவே பதிவாகல, அப்புறம் கோடி எப்படிக் கோடி ஆவும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சட்டம் பேசும்போது எனக்குச் சவரம்தான் ஞாபகம் வருகிறது. போன மாதம் அம்மா வந்திருந்தபோது, "காது குத்துக்கு எந்தச் சேலைம்மா கட்டிக்கட்டும்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டு, "உங்கிட்ட இல்லாத சேலையா?" என்றாள். மாட்டுக்குப் புரிந்திருக்கலாம்.

அரக்கு நிறத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டேன். எதுக்கும் இருக்கட்டும் என்று. அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன், அவருக்குப் படித்துச் சொல்லிவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற சகோதரிகளே, பொய்ச் சாவுக்கு வந்த கோடியை உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? உயிரோடு இருப்பவள் அதை உடுத்தியதாக எங்காவது கேட்டிருக்கிறீர்களா? உடுத்தியவள் சௌக்கியமாக இருக்கிறாளா, பிள்ளை நல்லபடி பிறந்ததா? தெரிந்தவர்கள் தை பிறப்பதற்குள் சொல்லுங்கள். கட்டிக்கொள் என்று சொல்பவர்கள் சும்மா சொன்னால் போதும். வேண்டாம் என்பவர்கள் தயவுசெய்து காரணத்தையும் சொல்லுங்கள், காக்கை என்று மட்டும் சொல்லாமல்.